யாரும் விரும்பாத தலையணை

முரட்டுத் தலையணை அது. பஞ்சை இறுக்கி அடைத்து, உறைக்குப் பதிலாகப் பாயைச் சுற்றிக் கட்டியது. பார்க்க அழுக்கு, தலை வைத்தால் உறுத்தும். 1824-ஆம் ஆண்டில், பர்மாவின் தலைநகரான ஆவாவில், மரண தண்டனைக் கைதிகளை அடைக்கும் சிறைக்குள் அது போயிற்று. தைத்துக் கொடுத்தவர் ஓர் அமெரிக்கப் பெண். வேண்டுமென்றேதான் அத்தனை மட்டமாகத் தைத்தார். காவலாளி கையில் எடுத்துப் பார்த்தாலும், இதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்று அவனே தூக்கிப் போட்டுவிட வேண்டும். பஞ்சுக்கு நடுவே இருந்தது பர்மிய மொழியில் எழுதிய புதிய ஏற்பாட்டின் கைப்பிரதி. அவர் கணவர் அதோனிராம் ஜட்சனின் பத்தாண்டு உழைப்பு.

அந்தத் தாள்களின் கதையைச் சேலத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் சேலம் அல்ல, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 1812 பிப்ரவரி 19 அன்று அந்தத் துறைமுகத்தில் ‘காரவன்’ என்ற கப்பலில் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் ஏறினார்கள். கல்யாணமாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் கிளம்பியது பர்மாவுக்கு அல்ல, கல்கத்தாவுக்கு. நடுக்கடலில் புதிய ஏற்பாட்டை உட்கார்ந்து படித்ததில் ஞானஸ்நானத்தைப் பற்றிய ஜட்சனின் எண்ணம் மாறிப்போனது. கல்கத்தாவில் இருவரும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று பாப்டிஸ்டுகள் ஆனார்கள். தங்களை அனுப்பிய சங்கத்தோடு இருந்த உறவு அத்தோடு முடிந்தது. கையில் பணத்துக்கு வழியில்லை. போதாததற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. அங்கிருந்து மொரீஷியஸ். அவர்களோடு ஒரே கப்பலில் வந்த ஹாரியட் நியூவெல் என்ற பத்தொன்பது வயதுப் பெண், அவர்கள் போய்ச் சேருமுன்பே அந்தத் தீவில் இறந்திருந்தார்.

1813 ஜூனில் சென்னைப் பட்டினத்துக்கு வந்தார்கள். இங்கேயும் கம்பெனி ஆட்சிதான். பிடித்தால் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். உடனே புறப்படத் தயாராக நின்ற கப்பல் ஒன்றே ஒன்று. அது ரங்கூனுக்குப் போவது. பர்மாவுக்கு மட்டும் போகாதீர்கள் என்று கல்கத்தாவிலேயே எச்சரித்திருந்தார்கள். ஆன் கர்ப்பிணி. துணைக்கு அமர்த்திய தாதிப் பெண் கப்பல் கிளம்பும் நேரத்திலேயே விழுந்து இறந்தார். வழியில் கடல் கொந்தளித்தது. குழந்தை இறந்தே பிறந்தது. ஜூலை 13 அன்று ரங்கூனில் இறக்கியபோது நடக்கத் தெம்பில்லாத நிலையில் இருந்தார் ஆன். பர்மிய வேதாகமத்தின் வரலாற்றில் நம் சென்னைக்குள்ள பங்கு இவ்வளவுதான்: அங்கே தங்க விடாமல் அவர்களைக் கப்பலேற வைத்தது.

ரங்கூனில் கிடைத்த ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. இவர்களுக்குப் பர்மியம் தெரியாது. பொருளைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்பதில் தொடங்கியது பாடம். பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது; வரி முழுதும் ஒரே ஓட்டம். பௌத்தர்களிடம் பேச வேண்டுமென்றால் பாலி மொழியும் வேண்டும் என்று கண்டுகொண்டு அதையும் ஜட்சன் படித்தார். 1815-இல் ஒரு மகன் பிறந்து எட்டே மாதத்தில் போய்விட்டான். 1817-இல் மத்தேயு சுவிசேஷம் அச்சாகியது. முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் 27. வந்து இறங்கிக் கிட்டத்தட்ட ஆறு வருஷம், ஒரு ஆள். 1823 ஜூலை 12 அன்று புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு முடிந்தது. ஆன் அப்போது ஊரில் இல்லை. கல்லீரல் நோய்க்கு வைத்தியம் பார்க்க அமெரிக்காவுக்குப் போயிருந்தவர் டிசம்பரில்தான் திரும்பினார். வந்ததும் இருவரும் அரசவையிருந்த ஆவாவுக்கு, ஐராவதி ஆற்றில் படகேறினார்கள். கைப்பிரதியும் அவர்களோடு போனது.

கிளம்பிய நேரம் சரியில்லை. 1824 மார்ச்சில் கம்பெனி பர்மாமேல் போர் அறிவித்தது. மே மாதம் ரங்கூனைப் பிடித்த படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் பெருமளவில் இருந்தார்கள். ஆவாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒற்றர்களாகத் தெரிந்தார்கள். ஜட்சனுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பணம், ஹென்றி கௌஜர் என்ற ஆங்கிலேய வியாபாரி வழியாகக் கைமாறியிருந்தது. கௌஜரின் கணக்குப் புத்தகத்தை அதிகாரிகள் புரட்டினார்கள். ஜட்சன் பெயர் இருந்தது. அவர்களுக்கு அந்தச் சான்று போதுமானதாக இருந்தது. போர்க்காலத்தில் எந்த அரசும் இதையேதான் செய்திருக்கும் என்பது என் எண்ணம். பர்மியர்களை அரக்கர்களாகக் காட்டி இந்தக் கதையைச் சொல்பவர்கள், எந்தக் கம்பெனியின் படை யார் நாட்டுக்குள் நுழைந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஜூன் 8, சாப்பாட்டு நேரம். ஓர் அதிகாரியும் ஆட்களும் வீட்டுக்குள் புகுந்தார்கள். கூட வந்தவர்களில் ஒருவன் முகத்தில் பச்சை குத்திய, கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவன். ஜட்சனைத் தரையில் தள்ளிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி இழுத்துப்போனார்கள். வீட்டைச் சுற்றிக் காவல் போட்டார்கள். ஆன் உள்ளறைக்குப் போய், தன் கடிதங்கள், நாட்குறிப்புகள், எழுதி வைத்தவை அத்தனையையும் அழித்தார். இங்கிலாந்தில் யாரோடாவது கடிதத் தொடர்பு உண்டு என்று தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. வந்த நாள் முதல் தன் கையால் குறித்து வைத்த பத்தாண்டு வாழ்க்கை அந்த மாலையில் இல்லாமல் போனது. கணவரின் கைப்பிரதியை மட்டும், வீட்டிலிருந்த சில விலையுயர்ந்த பொருள்களோடு சேர்த்து மண்ணில் புதைத்தார். எதை அழிப்பது, எதைப் புதைப்பது என்று முடிவெடுக்க அவருக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். விசுவாசம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் சங்கீதங்களுக்குப் போவதற்கு முன்னால் அந்த உள்ளறைக்குப் போவேன்.

மண்ணில் கிடந்தால் மழைக்காலத்து ஈரம் தாள்களை அரித்துவிடும். சிறையில் கணவரைப் பார்க்க அனுமதி கிடைத்தபோது, இருவரும் பேசிக்கொண்டவற்றில் இந்தக் கைப்பிரதியும் ஒன்று. தோண்டி எடுத்துத் தலையணைக்குள் வைத்துத் தைத்தார் ஆன்.

சிறையில் ஜட்சனுக்குக் காலில் மூன்று ஜோடி விலங்கு. இரவானால் கைதிகளின் கால்களுக்கு இடையே நீண்ட மூங்கிலைச் செலுத்தி மேலே தூக்கிக் கட்டுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் படும். தலைக்கு அடியில் இருந்த தாள்களில், பிலிப்பி பட்டணத்துச் சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடிய அத்தியாயமும் இருந்தது. பவுல் சிறையிலிருந்து எழுதிய நிருபங்களும் இருந்தன. பிலிப்பியில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தன. ஆவாவில் பூமி அதிரவில்லை. அந்த அத்தியாயத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர் அதன்மேல் தலை வைத்து, விடிந்தால் கால்களை இறக்குவார்கள் என்று காத்துக் கிடந்தார்.

சிறைக்கும் வீட்டுக்கும் இரண்டு மைல். ஆன் அதை நடந்தே கடந்தார். சோறு கொண்டு போவார். உள்ளே விடக் காவலாளிகளுக்குப் பணம் கொடுப்பார். அரச குடும்பத்துப் பெண்களிடம் மனு கொடுத்து வெறுங்கையோடு திரும்புவார். ஜெபித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அல்ல. லஞ்சம் கொடுத்தது சரியா என்று நம் சபைகளில் இன்று யாராவது எழுந்து கேட்கக்கூடும். அவர்களும் அந்த இரண்டு மைலை வெயிலில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். ஒருநாள் கணவருக்கு ஊர் ஞாபகம் வரட்டும் என்று எருமை இறைச்சியையும் வாழைப்பழத்தையும் வைத்து அமெரிக்கப் பலகாரம் ஒன்று செய்து, மௌங் இங் என்ற பர்மிய விசுவாசியிடம் கொடுத்தனுப்பினார். ஜட்சன் அதைப் பார்த்துத் தலை கவிழ்ந்து அழுதார். வாயில் வைக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த கைதியிடம் தள்ளிவிட்டார். விலங்குக்கு அழாத மனிதர்.

1825 ஜனவரியில் மரியா பிறந்தாள். மார்ச்சில் நிலைமை இன்னும் மோசமானது. வெளி முற்றத்தில் ஜட்சனுக்காக ஆன் போட்டுக்கொடுத்த மூங்கில் குடிசையைப் பிய்த்தெறிந்து, கைதிகளை உள்ளறைக்குள் தள்ளினார்கள். மூன்று விலங்கு ஐந்தானது. பலகை இடுக்கில் வரும் காற்றைத் தவிர வேறு காற்றில்லாத அறையில், கோடைக்காலத்தில், நூறு பேருக்குமேல். இருந்த சாமான்களைக் காவலாளிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். தலையணை ஒருவனுக்குப் போயிற்று.

அது எப்படித் திரும்பியது என்பதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். தலை வைத்துப் பார்த்தவன் கடுப்பாகித் தூக்கி எறிந்துவிட்டான் என்பது ஒன்று. ஆன் அதைவிட நல்ல தலையணை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார் என்பது மற்றது. இரண்டாவது கேட்க அழகு. முதலாவதுதான் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் அந்தத் தலையணை அதற்காகவே தைக்கப்பட்டது.

இதே நாட்களில்தான், கைதிகளை இரவில் தீர்த்துக்கட்டச் சொல்லி அரசியின் சகோதரனிடமிருந்து இரகசிய உத்தரவு வந்ததாகக் கோட்டை வாசல் அதிகாரியான கிழவர் ஆனிடம் சொன்னார். மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் தான் செய்யவில்லை என்று சொல்லி அழுதார். ஆனுக்கு அவர் செய்ததை விசுவாசியின் கண்ணால் பார்த்தால் கர்த்தருடைய கரம் என்போம். அவர் கிறிஸ்தவர் அல்ல. தான் யாருடைய கரம் என்று யோசித்திருக்கவும் மாட்டார்.

மே 2 அன்று அதே கிழவர் ஏதோ சாக்குச் சொல்லி ஆனைத் தன் வீட்டுக்கு வரவழைத்துப் பேச்சுக் கொடுத்தார். ஆன் வெளியே வந்து பார்த்தால் சிறையில் வெள்ளைக் கைதி ஒருவரும் இல்லை. எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். கண்ணெதிரே நடந்தால் தாங்க மாட்டார் என்றுதான் கிழவர் அப்படிச் செய்தார். அந்தக் குழப்பத்தில் ஒரு காவலாளி தலையணையைச் சுற்றியிருந்த பாயை உருவிக்கொண்டான். பாய்க்கு விலை உண்டு. உள்ளே இருந்த கெட்டிப் பஞ்சு உருளையைச் சிறைக்குள்ளேயே வீசிவிட்டான்.

கைதிகளை வெறுங்காலோடு சுடுமணலில் ஔங்பின்லே கிராமத்துக்கு ஓட்டினார்கள். ஜட்சனின் பாதத் தோல் உரிந்து இரத்தம் வழிந்தது. கௌஜரின் வங்காளி வேலைக்காரர் தலைப்பாகையை இரண்டாகக் கிழித்து, பாதியைத் தன் முதலாளிக்கும் பாதியை ஜட்சனுக்கும் காலில் சுற்றிக்கொள்ளக் கொடுத்தார். கூட வந்த கிரேக்கர் ஒருவர் அந்தப் பயணத்திலேயே இறந்தார். புதிதாகப் பதவிக்கு வந்த தளபதி இவர்களைப் பலி கொடுத்துவிட்டுப் போருக்குப் போவதாக இருந்தான் என்று ஊரில் பேச்சு. கொஞ்ச நாளில் அவனே துரோகக் குற்றத்துக்குத் தலை இழந்தான்.

ஆன் கைக்குழந்தையோடு பின்னாலேயே வந்து சேர்ந்தார். அந்தக் கிராமத்தில் அவருக்குப் பால் வற்றியது. காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. காவலாளிகளுக்கு ஏதோ கொடுத்துச் சம்மதிக்க வைத்ததில், விலங்கு மாட்டிய காலோடு ஜட்சன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பால் கொடுக்கும் தாய்மார்களிடம் என் பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டார். பர்மியத் தாய்மார்கள் கொடுத்தார்கள். அவர்கள் மொழியைப் பத்தாண்டு கற்றவர் அவர்களிடம் கேட்டது அதுதான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, ஆவாவில் காலியான சிறையில் பஞ்சு உருளை கிடந்தது. அங்கே போன மௌங் இங் அதைப் பார்த்தார். போனவர்களின் ஞாபகத்துக்கு ஏதாவது இருக்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. பல மாதங்களுக்குப் பிறகு பஞ்சைப் பிரித்தபோது கைப்பிரதி பழுதில்லாமல் இருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆள் மௌங் இங். வேதவசனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அவர் ஒன்றும் செய்யவில்லை. அடைபட்டிருந்த நண்பர்கள்மேல் பிரியம். குப்பை என்று வீசியதைக் குனிந்து எடுத்தார்.

பெரும்பாலும் கதையை இங்கே நிறுத்துகிறார்கள். பிரசங்கத்துக்கு வசதியான இடம். கர்த்தர் தம் வசனத்தைக் காத்தார், ஆமென். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் தைத்த கை என்னவாயிற்று?

1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபூ உடன்படிக்கையோடு போர் முடிந்தது. மொழிபெயர்க்க ஜட்சன் தேவைப்பட்டதால் அவரை ஏற்கெனவே வெளியே எடுத்திருந்தார்கள். குடும்பம் ஒன்று சேர்ந்தது. கம்பெனி பிடித்த கரையோரத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற புது ஊரில் குடியேறினார்கள். வணிக உடன்படிக்கை பேசப்போன ஆங்கிலத் தூதுக்குழுவோடு ஜட்சன் மறுபடி ஆவாவுக்குப் போனார். அதில் மதச் சுதந்திரத்துக்கு ஒரு வரி சேர்க்க முடியும் என்று நம்பினார். அந்த வரி கிடைக்கவில்லை. அங்கே இருக்கும்போது கறுப்பு முத்திரையிட்ட கடிதம் வந்தது. குழந்தைதான் போய்விட்டாள் என்று எண்ணிப் பிரித்தார். இறந்தது ஆன். அக்டோபர் 24, காய்ச்சல். வயது 36. ஆறு மாதம் கழித்து மரியாவும் போனாள். இரண்டு வயதும் மூன்று மாதமும். தாயையும் பிள்ளையையும் ஒரே இடத்தில் புதைத்தார்கள்.

சிறை ஜட்சனை உடைக்கவில்லை. இது உடைத்தது. காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்து, தன் உடல் எப்படி அழுகும் என்று நினைத்துப் பார்த்தார். தேவன் இருக்கிறார் என்று விசுவாசிக்கிறேன், அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் ஊருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்காவிலும் நம் ஊரிலும் அவரை விசுவாச வீரராகச் சொல்லும் புத்தகங்களில் பல இந்த இரண்டு வருஷத்தை ஒரு பத்தியில் தாண்டிவிடுகின்றன. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் சுருக்கி இதை நீட்டியிருக்கலாம். விடுதலையான தலையணைக் கதையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தன் வீட்டில் சாவு விழும்போது, தன் விசுவாசத்தில் ஏதோ குறை என்றுதான் முடிவு கட்டும். ஜட்சன் குழியோரத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆறுதல்.

அந்த இருட்டில் அவர் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பழைய தாள்களை மறுபடி எடுத்தார். 1829-இல் ஜோனதன் வேடின் துணையோடு புதிய ஏற்பாட்டை வரி வரியாகத் திருத்தினார். தலையணைக்குள் உயிரைக் கொடுத்துக் காத்த வாக்கியங்களை அவரே அடித்து மாற்றினார். காப்பாற்றப்பட்டது என்பதற்காக எதையும் அவர் பூஜை செய்யவில்லை, தவறு தவறுதான். துக்கத்தில் இருப்பவருக்கு இத்தகைய வேலை என்ன செய்யும் என்பது, வீட்டில் சாவு நடந்த மறுவாரம் அடுப்பு பற்றவைத்தவர்களுக்குத் தெரியும்.

1832-இல் மோல்மேனில் செபாஸ் பென்னட் என்ற மிஷனரி அச்சாளர் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். பழைய ஏற்பாட்டின் கடைசித் தாள் 1834 ஜனவரி 31 அன்று முடிந்தது. அதைக் கையில் பிடித்தபடியே முழங்காலிட்டதாக ஜட்சன் எழுதியிருக்கிறார். அதன்பின்னும் விடவில்லை, முழு வேதாகமத்தையும் மறுபடி திருத்தி 1840-இல்தான் முடித்தார். முடித்த தேதி அக்டோபர் 24. ஆன் இறந்த அதே நாள். 1850 ஏப்ரல் 12 அன்று, நோய்க்கு மாற்றுக் காற்றுத் தேடிப் போன கடற்பயணத்தில் இறந்தார். வங்கக் கடலில் இறக்கினார்கள், கல்லறை இல்லை.

மியன்மார் சபைகளில் பின்னாளைய பெயர்ப்புகள் வந்துவிட்டன. இருந்தும் ஆராதனைகளில் ஜட்சனின் பெயர்ப்பு இன்றும் வாசிக்கப்படுகிறது. அந்த நாடு இப்போதும் போரில் இருக்கிறது. தேவாலயங்கள் குண்டு விழுந்து இடிந்திருக்கின்றன. ஓடும் குடும்பங்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று இன்றும் அவசரத்தில் முடிவெடுக்கின்றன.

இந்தக் கதையை மேடையில் சொல்லும் போதகர்களிடமும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மௌங் இங் பஞ்சைப் பிரித்த இடத்தோடு நிறுத்தாதீர்கள். ஆம்ஹர்ஸ்ட் வரைக்கும், காட்டுக் குடிசை வரைக்கும் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் இப்போது அங்கேதான் இருப்பார்.